வட ஆற்காட்டில் ஞாயிற்றுக்கிழமைகள்: சாப்பிட, பார்க்க, வீட்டுக்கு வாங்கி வர

கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்து வேலூரை ஒட்டிய காட்பாடியில் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறோம், கோட்டையும் பொற்கோயிலும் பார்த்தாயிற்று, வெயிலைத் தவிர இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு, அதிகம் செலவு செய்ய முடியாது, வீடும் வெறிச்சென்று கிடக்கிறது, அதற்கு ஏதாவது வாங்கவும் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். சுற்றுவதும் வீட்டுக்கு வாங்குவதும் இங்கே ஒரே வேலைதான், அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. இந்நேரம் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி 1981-லேயே திரும்பி வந்துவிட்டார். பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊரே பாலத்தில் நின்றது. மலைகளை ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒருமுறை பாருங்கள், பாறை இடுக்கெல்லாம் பச்சை பிடித்திருக்கும். இந்த ஊரில் எல்லாம் இருக்கிறது, ஆனால் எல்லா நேரமும் இருப்பதில்லை. எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்று பார்த்துப் போனால் இந்த மாவட்டம் அள்ளித் தரும். மே மாதம் பகல் இரண்டு மணிக்குக் கோட்டைச் சுவரைப் பார்த்துவிட்டு ஊரைக் குறை சொல்பவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

நான் மாவட்டம் என்று சொல்வது பழைய வட ஆற்காட்டை. 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆனால் காட்பாடியிலிருந்து பஸ்ஸில் காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய ஊர்கள்தான் எல்லாமே.

சாப்பாட்டில் தொடங்குகிறேன். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி என்று ஓர் ஊர். அங்கே விளையும் முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செடியின் தண்டு, இலை, காயின் காம்பு, தலையில் தொப்பி போல் மூடியிருக்கும் பச்சைப் பகுதி எல்லாவற்றிலும் முள். அவசரமாகக் கூடைக்குள் கையை விட்டால் குத்தும். காம்பின் நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தோல் பளபளவென்று, அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கித் திரும்பி வர வேண்டும். முள் விறைப்பாக நின்றால் அன்று பறித்தது. முள் வதங்கிச் சாய்ந்திருந்தால் நேற்றோ அதற்கு முந்தைய நாளோ பறித்தது. வேலூர் உழவர் சந்தைக்கு விடிகாலையில் போனால் நல்லதைப் பொறுக்கலாம், எட்டு மணிக்கு மேல் மிச்சம்தான்.

இதைச் சாம்பாரில் போட்டு வீணாக்க வேண்டாம். எங்கள் வீடுகளில் செய்வது கடையல். கத்திரிக்காயை நாலாக நறுக்கி, சின்ன வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், சிட்டிகை மஞ்சள் சேர்த்துக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைக்க வேண்டும். வெந்ததும் தண்ணீரைத் தனியாக வடித்து வைத்துக்கொண்டு, மண்சட்டியில் போட்டு மத்தால் கடைய வேண்டும். மிக்ஸியில் போட்டால் விதை அரைபட்டுக் கசப்பு ஏறிவிடும், மத்தில் கடைந்தால் சதை மட்டும் குழையும். வடித்த தண்ணீரைத் தேவைக்குச் சேர்த்து, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து விட்டு, கடைசியில் வறுத்துப் பொடித்த மல்லாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, இரண்டு கரண்டி. கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்தால் முடிந்தது. கேழ்வரகுக் களிக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. உங்களுக்குக் களி பழக்கமில்லை என்றால் சூடான தோசையோடு தொடங்குங்கள்.

அதே கத்திரிக்காய்தான் ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் புளியும் எண்ணெயுமாக வந்து உட்காரும். ஆம்பூர் இங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆற்காட்டு நவாபுகளின் சமையற்கட்டிலிருந்து வந்த வழி என்று சொல்வார்கள். அந்தப் பிரியாணியின் தனித்தன்மை மூன்று விஷயத்தில் இருக்கிறது. அரிசி சீரகச் சம்பா, பாஸ்மதி கிடையாது. காரம் மிளகாய்த்தூளில் வருவதில்லை, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் வருகிறது. அதனால் நிறம் இருக்கும், நாக்கைப் பிடித்து எரிக்காது. மூன்றாவது, மசாலா வாசனை தூக்கலாக இருக்காது. பட்டை, கிராம்பு, ஏலக்காய் இருக்கும், ஆனால் கறியின் வாசனையை மூடாது. சின்ன அரிசி கறிச்சாற்றை உள்ளே இழுத்துக்கொள்வதால் வெறும் சோற்றை மட்டும் சாப்பிட்டாலும் ருசிக்கும்.

எந்தக் கடை என்று கேட்காதீர்கள், எந்த நேரம் என்று கேளுங்கள். மதியம் அண்டாவின் தம் உடைக்கும்போது அங்கே இருக்க வேண்டும். மூடியின் மேல் போட்ட தணல் தள்ளப்பட்டு, மூடி திறந்து, முதல் ஆவி கிளம்பும் அந்தச் சமயத்தில் வாங்கிய தட்டுக்கும், நெடுநேரம் கிளறிக் கிளறி அடியில் நின்றதை இரண்டரை மணிக்கு வாங்கிய தட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. விறகடுப்பில் அண்டா ஏற்றும் கடையாகப் பாருங்கள். பின்கட்டில் கரி படிந்த சுவர் இருந்தால் தைரியமாக உட்காரலாம்.

இனிப்புக்கு ஆற்காடு. மக்கன் பேடா பார்வைக்குத் தட்டையான குலாப்ஜாமூன் மாதிரி இருப்பதால் பலர் அப்படியே நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். கோவாவும் மைதாவும் சேர்த்துப் பிசைந்த மாவுக்குள் முந்திரி, பாதாம், பிஸ்தா, திராட்சை என்று பொடியாக நறுக்கியதை வைத்து மூடி, தட்டையாக அழுத்தி, தீயைக் குறைத்து நிதானமாகப் பொரித்து, பாகில் ஊறவிடுகிறார்கள். தீ கூடினால் வெளியே கறுத்து உள்ளே மாவாக நின்றுவிடும், அதனால் இது அவசரக்காரர்கள் செய்யும் பலகாரம் இல்லை. கரண்டியால் நடுவில் வெட்டிப் பாருங்கள். வெளிவிளிம்பு பழுப்பு, அதற்கு உள்ளே வெளிறிய மெத்தென்ற பகுதி, நடுவில் பருப்புகள் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தால் சரியான பேடா. முழுக்க ஒரே நிறமாகப் பாகில் தோய்ந்திருந்தால் ஊறியது அதிகம். பிறந்த நாளுக்குக் கேக் வாங்குவதற்குப் பதில் ஒரு முறை இதில் ஒரு டப்பா வாங்கி வாருங்கள். ஆற்காட்டில் இருக்கும்போதே பாலாற்றங்கரையில் டெல்லி கேட்டையும் பார்த்துவிடலாம். 1751-ல் ராபர்ட் கிளைவ் உள்ளிருந்து முற்றுகையைத் தாங்கி நின்ற கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய அந்த வாசல்தான்.

வேலூருக்குள்ளேயே ஒரு சந்தோஷம் ஒளிந்திருக்கிறது. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. அதற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களால் எதிரே இருக்கும் காந்தி ரோடும் அதை ஒட்டிய சந்துகளும் பாதி வங்காளமாகிவிட்டன. கடைப் பலகையில் வங்காள எழுத்து, கடுகெண்ணெய் மணம், மீன் குழம்போடு சோறு. அங்கே மளிகைக் கடையில் ஐந்து விதைகள் கலந்த பாஞ்ச் ஃபோரன் என்று கேட்டு வாங்கிப் பூசணிக்காய்ப் பொரியலுக்குத் தாளித்துப் பாருங்கள். ரயில் ஏறாமலே கிடைக்கும் வெளியூர் ருசி. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டு நோயாளிக்காகக் காத்திருப்பவர்கள். சாப்பிட்டதும் எழுந்து இடம் கொடுங்கள்.

பார்க்கப் போகும் இடங்களில், சுற்றுலாப் பட்டியலில் கடைசியில் வரும் ஒன்றை நான் முதலில் வைக்கிறேன். விரிஞ்சிபுரம். பெங்களூர் சாலையில் வேலூரிலிருந்து அரை மணிகூட ஆகாது. மார்க்கபந்தீஸ்வரர் கோயில். வழித்துணைநாதர் என்பது தமிழ்ப் பெயர், புது ஊருக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பொருத்தமான சாமி. மதிலழகுக்குப் பேர்போன கோயில் என்பார்கள், மதிலைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே ஏன் என்று தெரியும். நான் அங்கே போகச் சொல்வது ஒரு கல்லுக்காக. பிராகாரத்தில் மணி காட்டும் கல் என்று ஒன்று இருக்கிறது. பிறை வடிவில் வெட்டி, கோடு கிழித்து, எண்கள் பொறித்திருக்கிறார்கள். மேலே இருக்கும் பள்ளத்தில் ஒரு குச்சியையோ விளக்குமாற்று ஈர்க்கையோ வைத்தால் அதன் நிழல் எந்த எண்ணின் மேல் விழுகிறதோ அதுதான் மணி.

குழந்தைகளை அழைத்துப் போனால் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கொஞ்சம் வித்தியாசம் வரும், உடனே கல் தப்பு என்பார்கள். நம் கடிகார நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. வேலூர் அதற்கு மேற்கே 79 பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று போட்டால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது 13 நிமிடத்துக்கு மேல் தாமதம். அதோடு பூமியின் பாதை சரியான வட்டமில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் பிப்ரவரி நடுவில் வெயில் மணி கடிகாரத்துக்குக் கிட்டத்தட்ட அரை மணி பின்னால் இருக்கும், நவம்பர் தொடக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஒரே கல்லை இந்த இரண்டு மாதங்களிலும் போய்ப் பார்த்தால் வான சாஸ்திரப் பாடம் கையில் பிடித்தது போல் புரியும். காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் போங்கள், நிழல் தெளிவாக விழும், தரையும் காலைச் சுடாது. அதே கோயிலில் சிங்க முகத்தின் வாய் வழியாக இறங்கும் படிகளோடு ஒரு தீர்த்தக் கிணறு இருக்கிறது. கார்த்திகை கடைசி ஞாயிறன்று அங்கே கூட்டம் அலைமோதும், அந்த நாளைத் தவிர்த்தால் நின்று பார்க்கலாம்.

கோட்டையைப் பார்த்தாயிற்று என்கிறீர்கள். கல்யாண மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தீர்களா? தூண்களில் யாளி மேல் ஏறியிருக்கும் வீரர்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் உயர்ந்த மேடையின் விதானத்தில் கல்லில் ஒரு பெரிய பூ, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக வேலைப்பாடு, வெளிவட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். நம் தோட்டத்துக் கொய்யாவில் கிளி எப்படித் தொங்கிக் கொத்துமோ அப்படியே வெட்டியிருக்கிறார் அந்தச் சிற்பி. அந்தப் பூவின் இதழ்களை எண்ணி நோட்டில் வரைந்துகொண்டு வந்து வாசலில் கோலமாகப் போட்டுப் பாருங்கள். மார்கழிக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய கோலம் அந்தக் கோயிலின் விதானங்களிலும் தூண்களிலும் கிடைக்கும். கோட்டைக்குள் காலை ஏழு மணிக்கு நடந்து பழகுங்கள். அகழியில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் சுவரின் நிழல் அதில் விழும். பொற்கோயில் பிரம்மாண்டம், மறுக்கவில்லை. 2007-ல் திறந்தார்கள், ஆயிரத்தைந்நூறு கிலோ தங்கம் என்பார்கள். ஒரு முறை பார்த்தது போதும், நீங்கள் கேட்கும் வகைச் சந்தோஷம் அது இல்லை.

இனி வீட்டுக்கு.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், சுவருக்கு வண்ணம் மாற்ற முடியாது. அப்படியானால் தரையும் ஜன்னலும்தான் உங்கள் கையில். தரைக்கு வந்தவாசிப் பாய். 1760-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போருக்காகப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த அதே வந்தவாசிதான். எங்களுக்கு அது பாய்க்கு ஊர். இப்போது பெரும்பாலும் தறி எந்திரத்தில்தான் ஓடுகிறது, கையால் நெய்வது குறைந்துவிட்டது. பிளாஸ்டிக் பாயும் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள். கேட்கும்போதே கோரைப்பாய் என்று சொல்லிக் கேளுங்கள்.

பாயைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள், அதுவே ஒரு இன்பம். விரித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். மூலையை மடக்கினால் கோரை ஒடியக் கூடாது. ஒடிந்தால் பழைய சரக்கு. ஈர விரலால் சாயக் கோட்டைத் தேய்த்துப் பாருங்கள், விரலில் சிவப்பு ஒட்டினால் வீட்டில் துடைக்கும்போது தரையெல்லாம் ஒட்டும். கோரை எவ்வளவு மெல்லிசோ பாய் அவ்வளவு வழவழப்பு, விலையும் அவ்வளவு கூடும். விளிம்பில் துணி வைத்துத் தைத்திருந்தால் இரண்டு வருடம் கூடுதலாக உழைக்கும். புதுப்பாய் விரித்த முதல் சில நாட்கள் அறை முழுக்கக் காய்ந்த புல் வாசனை இருக்கும், அதற்காகவே நான் பாய் மாற்றுவதைக் கோடைத் தொடக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். சித்திரை இரவில் மெத்தை சூட்டை அடைத்து வைத்துக்கொள்ளும், பாய் அப்படிச் செய்வதில்லை. தண்ணீர் தெளித்துத் துடைத்த தரையில் காய்ந்த பிறகு பாயை விரித்துப் படுங்கள். உங்கள் வீட்டில் மேற்கு பார்த்த ஜன்னல் இருந்தால் சின்னப் பாய் ஒன்றை மேல் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், மாலை வெயில் தேன் நிறத்தில் வடிந்து உள்ளே வரும். ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி, நிற்க வையுங்கள்.

ஜன்னலுக்குக் குடியாத்தம் கைலி. சிரிக்காமல் கேளுங்கள். மூட்டாத பருத்திக் கைலி ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம் இருக்கும், சாதாரண ஜன்னலுக்கு அளவு கச்சிதம். மேல் விளிம்பை மடித்துத் தைத்துக் கம்பி நுழைக்க வழி விட்டால் திரைச்சீலை தயார். கடையில் திரைச்சீலை என்று பெயர் போட்டு விற்பதில் பாதி விலைகூட ஆகாது. கட்டம் போட்டதை எடுப்பதாக இருந்தால் ஒரே நிறத்தில் இரண்டு எடுத்து, தைக்கும்போது கட்டங்கள் ஒன்றுக்கொன்று நேராக வருகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தினமும் கண்ணை உறுத்தும். புதுக் கைலியில் கஞ்சி விறைப்பாக இருக்கும். பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு தனியாக ஊறவைத்து அலசுங்கள், துணி இளகும். குடியாத்தத்துக்கு வைகாசி முதல் நாள் போனால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மன் தலை ஊர்வலமாக வந்து கோயிலில் உடலோடு சேரும் நாள். அன்று துணி வாங்க முடியாது, தெருவில் நடப்பதே பெரும்பாடு. ஆனால் அந்த ஊரை அன்று பார்க்க வேண்டும்.

ஆரணிக்குப் போகும்போது பட்டுப்புடவை வாங்கியே தீர வேண்டும் என்று போகாதீர்கள். ஆரணிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. காஞ்சிபுரத்தைவிட எடை குறைவு, கல்யாணத்துக்கு மட்டுமில்லாமல் சாதாரண விசேஷத்துக்கும் உடுத்தலாம். முதல் தடவை சும்மா போய்ப் பாருங்கள், அதுவும் காலை வெயில் ஏறுவதற்கு முன். நெசவாளர் தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை பிரித்துக்கொண்டிருப்பார்கள். தெரு நடுவில் ஒரே நிறத்தில் ஓர் ஓடை ஓடுவது போல் இருக்கும். குறுக்கே போகாமல் ஓரமாக நின்று பாருங்கள், கேட்டால் பொறுமையாக விளக்குவார்கள். திரும்பும்போது ஒரு சிப்பம் ஆரணி அரிசி வாங்கிக்கொள்ளுங்கள். கிழிந்துபோன பழைய பட்டுப்புடவை உங்கள் அம்மாவிடம் இருந்தால் கரையை மட்டும் வெட்டி எடுத்து, வெள்ளைப் பருத்தித் தலையணை உறையின் ஓரத்தில் வைத்துத் தைக்கலாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டியின் அரக்குக் கரை இப்படித்தான் இன்னும் இருக்கிறது.

காட்பாடியில் இருந்துகொண்டு கரிகிரியைத் தவறவிடக் கூடாது. பச்சை, நீலம், பழுப்பு என்று பளபளக்கும் பூச்சு போட்ட மண்பாண்டங்களுக்குக் கைவினை ஆர்வலர்கள் மத்தியில் அந்த ஊருக்கு ஒரு பெயர் இருந்தது. ஒல்லியாக நீண்ட கழுத்துள்ள ஜாடிகள், கீறிப் போட்ட கோலங்கள். சக்கரம் சுற்றும் வீடுகள் குறைந்துவிட்டன என்பது வருத்தமான செய்தி. நம்மைப் போன்றவர்கள் தேடிப் போய் வாங்கினால்தான் இருப்பவர்களாவது தொடர்வார்கள். பூச்சு போட்டதில் பூ வையுங்கள். சமையலுக்குப் பூச்சில்லாத சட்டிதான் வேண்டும். விரல் முட்டியால் தட்டினால் கணீர் என்று ஒலிக்க வேண்டும், மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து, அடுத்த நாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க விட்டு, தானாக ஆறிய பிறகு கழுவினால் கடையலுக்குச் சட்டி தயார்.

இரவில் கண் விழிக்க முடியுமானால் தெருக்கூத்துக்குப் போங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடக்கும். கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானால் பேர் வாங்கிய புரிசை என்ற ஊர் வந்தவாசி, செய்யாறு பக்கம்தான். கூத்து தொடங்கும் முன்பே போய் ஒப்பனை செய்யும் இடத்துக்கு அருகில் உட்காரக் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்க்கட்டை எல்லாம் மரத்தில் செய்து கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் பதித்தவை. அரிதாரம் பூசி, கட்டையை ஒவ்வொன்றாக உடம்பில் ஏற்றிக் கட்டக் கட்ட, சற்று முன் உங்களிடம் தீப்பெட்டி கேட்ட மனிதர் துரியோதனனாக எழுந்து நிற்பார். அர்ச்சுனன் தபசு நாளில் உயரமான மரத்தில் ஏறிப் பாடுவார்கள். அந்த ஓர் இரவுக்காகவாவது மறுநாள் லீவு போடலாம்.

பழங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் நெடுஞ்சாலை ஓரத்தில் நுங்கு, உங்கள் கண் முன்னால் சீவித் தருவதை மட்டும் வாங்குங்கள். அந்தக் கோடையிலேயே ஜவ்வாது மலையிலிருந்தும் ஏலகிரியிலிருந்தும் பலா இறங்கும். ஆவணிக்கு மேல் மலையடிவாரத்துப் பெண்கள் கூடையில் சீத்தாப்பழம் கொண்டுவருவார்கள். கண்கள் விரிந்து இடுக்குகள் வெளிறியதாகப் பொறுக்கினால் இரண்டு நாளில் பழுக்கும்.

அதிகச் செலவில்லாத பயணம் வேண்டுமென்றால் ரயில். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வந்து நின்றதே இந்தப் பக்கத்து வாலாஜா ரோட்டில்தான். எனக்குப் பிடித்தது காட்பாடியிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட், கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் பாதை. பாறை மலையும் நெல் வயலும் மாறி மாறி ஜன்னலுக்கு அருகில் வரும். வலது பக்கம் மேற்கு, ஜவ்வாது மலைத்தொடர் தெரியும் பக்கம். காலை வண்டியில் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயிலும் முகத்தில் அடிக்காது.

இப்போது தை மாதம் என்பதால் முதல் பயணமாகக் காவலூரை வைத்துக்கொள்ளுங்கள். ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் பெயர் கொண்ட 4130 என்ற சிறுகோளை 1988-ல் கண்டுபிடித்ததும் அந்த மலையிலிருந்துதான். சனிக்கிழமைகளில்தான் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள், அதனால் இதற்கு மட்டும் ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும். வானம் தெளிவாக இருந்தால் இருட்டிய பிறகு சின்னத் தொலைநோக்கி வழியாகப் பார்க்கவும் விடுகிறார்கள். கோடை மேகம் சேரும் முன், பங்குனிக்குள் போய்விடுங்கள், அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. கிளம்பும் முன் அன்று அனுமதி உண்டா என்று போன் செய்து கேட்டுவிடுங்கள். போகும் வழியில் மலைக் கடைகளில் சாமையும் தேனும் கிடைக்கும், ஆனால் இருட்டியதும் கடை அடைத்துவிடுவார்கள், அதனால் ஏறும்போதே வாங்கிவிடுங்கள். சால்வை மறக்க வேண்டாம், தை மாதத்தில் அந்த மலையில் குளிர் நன்றாகவே இருக்கும்.